மூளை செல்லுக்குப் பவுடர் வாங்கும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் என்னை இன்னும் "டிரஸர்" (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் வேலை பார்த்த தோட்ட ஆஸ்பத்திரியும் இல்லை, குடியிருந்த லயமும் (தொழிலாளர் வரிசை வீடு) இல்லை, அந்த இடத்தில் இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை) நிற்கிறது. ஆனாலும் சந்தேகம் வந்தால் ஆட்கள் தேடி வருவது நிற்கவில்லை. முன்பெல்லாம் காய்ச்சல், பாம்புக்கடி, பிரசவ வலி. இப்போது அறுபதைத் தாண்டியவர்கள் கொண்டுவருவது ஒரே கேள்வி: "டிரஸர், மறதியா இருக்கு. மூளை செல்லைப் புதுப்பிக்கிற பவுடர் ஒண்ணு விக்கிறாங்க, மாசம் முந்நூறு வெள்ளியாம். வாங்கலாமா?"

அதற்கு முன் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு அரசாங்க கிளினிக்கில் செலவு மிகக் குறைவு. எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. என் அம்மா கடைசி வருஷங்களில் என்னைத் தன் தம்பி என்று நினைத்துத்தான் பேசினார். அதனால் இது எனக்கு வெறும் பொது அறிவு விஷயம் இல்லை. படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து, எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று எழுதுகிறேன்.

எது வளரும், எது வளராது

ரப்பர் மரத்தைச் சீவினால் பட்டை திரும்ப வளரும். கத்தி மரத்தில் படாமல் வெட்டத் தெரிந்தவர் அதே இடத்தில் சில வருஷம் கழித்து மறுபடியும் கத்தி வைக்கலாம். மூளை அப்படி இல்லை. நம் மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பு செல்களில் பெரும்பாலானவை பிறந்த காலத்தில் வந்தவை, நம்மோடுதான் போகும். வயதானபின் நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதியில் கொஞ்சம் புது செல் பிறக்குமா என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை. 1998இல் பிறக்கிறது என்றார்கள். 2018இல் ஒரு குழு பெரியவர்களிடம் காணோம் என்றது, அடுத்த மாதமே இன்னொரு குழு முதியவர்களிடமும் இருக்கிறது என்றது. ஆராய்ச்சிக்கூடத்திலேயே முடியாத வழக்கை பவுடர் டப்பாவில் தீர்ப்பு எழுதி விற்கிறார்கள், அவ்வளவுதான்.

புது செல் கதை எப்படியோ போகட்டும், இருக்கிற செல் தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்வது உறுதியான விஷயம். ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏ தினமும் ஆயிரக்கணக்கான இடங்களில் சேதமாகிறது. அதைச் சரிசெய்யும் புரதங்கள் உள்ளேயே இருக்கின்றன. அவை வேலை செய்யும் விதத்தைக் கண்டுபிடித்ததற்காக லிண்டால், மோட்ரிச், சன்ஜார் மூவருக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. கெட்டுப்போன புரதத்தை செல் தானே உடைத்து மறுபடி பயன்படுத்தும் வேலையை ஆராய்ந்த ஜப்பானியர் ஓசுமிக்கு 2016இல். நரம்பு இழைமேல் இருக்கும் மயலின் உறையும் ஓரளவுக்குப் புதுப்பிக்கப்படுகிறது. வயதாகும்போது செல்கள் கூட்டங்கூட்டமாகச் சாவதைவிட, அவற்றுக்கு இடையிலான இணைப்புகள் குறைவதும் இந்த உறை தேய்வதும்தான் பெரிய இழப்பு.

இந்தப் பழுதுவேலைக்கு நாம் ஒன்றும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. ரத்தம் தடையில்லாமல் போக வேண்டும், தேவையான சத்து இருக்க வேண்டும், தினமும் புதுச் சேதத்தை நாம் உண்டாக்காமல் இருக்க வேண்டும். உடல் எடையில் 2 சதவிகிதமே இருக்கிற மூளை, உடல் செலவழிக்கும் சக்தியில் 20 சதவிகிதத்தை எடுத்துக்கொள்கிறது. ரத்தக்குழாய் கெட்டால் முதலில் அடிபடுபவற்றில் அதுவும் ஒன்று. அதனால் என் வரிசை ரத்தக் கொதிப்பில் தொடங்குகிறது.

ரத்தக் கொதிப்பு: இதை முடிக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்

அமெரிக்காவில் 9,300 பேருக்கு மேல் சேர்த்து ஒரு ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்குக் கொதிப்பின் மேல் எண்ணை (சிஸ்டாலிக்) 120க்குக் கீழே வைத்தார்கள், மறுபாதிப் பேருக்கு 140க்குக் கீழே. 2019இல் வந்த முடிவுப்படி, 120க்குக் கீழே வைத்தவர்களிடம் ஆரம்பக்கட்ட நினைவுக் குறைபாடு 19 சதவிகிதம் குறைவு. எந்தப் பவுடருக்கும் இப்படி ஒரு எண் கிடையாது. ஆனால் அந்த ஆய்வில் இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. எழுந்தால் தலைசுற்றும் எண்பது வயதுப் பாட்டிக்கு 120 சரிப்படாமலும் போகலாம். உங்கள் எண் எது என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் வழக்கம் வேறு. மாத்திரை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, கிளினிக் தேதிக்கு முதல் நாளும் அன்று காலையும் மட்டும் போட்டுக்கொண்டு போவார்கள். எண் நன்றாக வரும், நர்ஸ் பாராட்டுவார், மூளைக்குள் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் மற்ற நாட்களில் அடி வாங்கிக்கொண்டே இருக்கும். "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்பது இந்த நோயில் செல்லாத பேச்சு. கொதிப்பு எந்த வலியும் தராது.

வீட்டில் கையில் கட்டும் மெஷின் ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், புஜத்தில் கட்டுவது. அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பு காப்பியும் சிகரெட்டும் இல்லை. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில். அளக்கும்போது பேசக்கூடாது, டிவி நாடகத்தையும் நிறுத்திவிடுங்கள். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை, காலையும் இரவும், ஒரு வாரம். முதல் நாள் எண்ணை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். 135/85 அல்லது அதற்குமேல் வந்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். வாயால் சொல்வதைவிடத் தாளுக்கு மரியாதை அதிகம்.

இனிப்புநீரும் பி12-உம்

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் இந்தியப் பெரியவர்களில் சுமார் 31 சதவிகிதம் பேருக்கு இனிப்புநீர். எந்த இனத்தைவிடவும் நமக்குத்தான் அதிகம். எச்பிஏ1சி எண்ணை (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) கட்டுக்குள் வைப்பது பற்றி எல்லாரும் சொல்கிறார்கள். யாரும் சொல்லாத இன்னொரு பக்கம் சர்க்கரை கீழே விழுவது. காலையில் கிளிக்ளசைட் மாத்திரையைப் போட்டுவிட்டு, சனிக்கிழமை பூசை முடிந்து பதினொரு மணிக்குச் சாப்பிடலாம் என்று கோயிலில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும். மூளைக்கு எரிபொருளே குளுக்கோஸ்தான். அந்த மாத்திரை சாப்பாட்டோடுதான், பூசை நேரத்தோடு அல்ல. விரதம் இருக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே டாக்டரிடம் பேசி அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது இனிப்புநீருக்கான மெட்ஃபார்மின். நல்ல மருந்து, நீங்களாக நிறுத்தவே கூடாது. ஆனால் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் குடல் வைட்டமின் பி12-ஐ உறிஞ்சுவது குறையும். மயலின் உறையைப் பராமரிக்கவே பி12 வேண்டும். அது குறைந்தால் கால் பாதம் மரத்துப்போகும், நடையில் தள்ளாட்டம் வரும், மறதி வரும். பாதம் எரிகிறது என்றால் "இனிப்புநீர் நரம்பைத் தின்னுடுச்சு" என்று முடிவுகட்டிவிடுகிறோம், மறதி என்றால் "வயசு" என்கிறோம். இரண்டுக்கும் காரணம் ஒரு வைட்டமினாக இருக்கலாம், ஊசியிலோ மாத்திரையிலோ சரியாகலாம். தாமதித்தால் முழுதாகச் சரியாகாது.

மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுகிறவர்கள், முட்டை பால்கூடத் தொடாத சைவர்கள், வயிற்றுப் புளிப்புக்கு ஓமெப்ரசோல் விடாமல் சாப்பிடுகிறவர்கள், எழுபத்தைந்து தாண்டியவர்கள் ஆகியோர் பி12 ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். பொதுவாக 148 பிக்கோமோலுக்குக் கீழே என்றால் குறைபாடு. தாமாகவே ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். அது ரத்தச்சோகையை மட்டும் சரிசெய்து, உள்ளே நரம்பு கெடுவதை மறைத்துவிடும். தைப்பூசத்துக்கு ஒரு மண்டலம் சைவம் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம், கல்லீரலில் பி12 சில வருஷத்துக்கு இருப்பு இருக்கும்.

குறை இருந்தால் நிரப்பினால் பலன், குறை இல்லாதவர் கூடுதலாகச் சாப்பிட்டால் பலன் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு ஒன்று 2010இல் காட்டியதும் இதுதான்: மறதி தொடங்கிய முதியவர்களில் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் (பி வைட்டமின்கள் குறைந்தால் ஏறும் ஒரு பொருள்) அதிகம் இருந்தவர்களுக்குத்தான் பி வைட்டமின்கள் மூளை சுருங்குவதை நன்றாகத் தாமதப்படுத்தின. மற்றவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை.

காது

ஆலையில் வேலை பார்த்தவர்கள், முதுகில் புல்வெட்டும் மெஷின் மாட்டியவர்கள், இதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காது மந்தமானால் மூளை சத்தத்தைப் புரிந்துகொள்ளவே திணறும். அப்புறம் ஆள் பேச்சைக் குறைத்துவிடுவார், கல்யாண வீட்டில் ஓரமாக உட்காருவார். மறதி நோய்க்கான காரணங்களில் தடுக்கக்கூடிய 14-ஐ லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் பட்டியலிட்டது. அதில் காது மந்தம் ஒன்று. 2023இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், காது மெஷின் மாட்டியதால் எல்லாருக்கும் பலன் தெரியவில்லை, ஆனால் ஏற்கெனவே இதயம், ரத்தக்குழாய் ஆபத்துள்ள முதியவர்களிடம் மூன்று வருஷத்தில் சரிவு பாதிக்குக் கிட்ட குறைந்தது. கிளினிக்கில் முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு அதிலேயே பிரச்சினை முடிந்துவிடும். இல்லையென்றால் ஆஸ்பத்திரிக் காது பரிசோதனைக்குக் கடிதம் கேளுங்கள். வேலையில் இருந்த சத்தத்தால் காது போனது என்றால் சொக்சோவில் (தொழிலாளர் காப்புறுதி நிறுவனம்) இழப்பீடு கோர வழி உண்டு.

கண்புரையும் அந்தப் பட்டியலில் உள்ள பார்வைக் குறைவில் சேரும். தள்ளிப்போடாதீர்கள்.

நடை

120 முதியவர்களைச் சேர்த்த ஒரு ஆய்வு 2011இல் வந்தது. பாதிப் பேர் வாரத்தில் மூன்று நாள், நாற்பது நிமிஷம் நடந்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவிகிதம் பெரிதானது. கைகால் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியது. நடையென்றால் கடைக்குப் போய்க் காய் பொறுக்குவது இல்லை. பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம்.

எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதி) காலை ஆறரைக்கு முன்னால் தெருநாய்த் தொல்லை, எட்டரைக்கு மேல் வெயில். அதற்கு நடுவில்தான் நடக்கிறேன், கையில் குடையோடு. அது நாய்க்கும் மழைக்கும் சேர்த்து. செம்பனைக் காட்டுப் பாதையில் தனியாகப் போகாதீர்கள், லாரி வரும், பாம்பும் வரும். புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே நடக்க வேண்டாம், வீட்டுக்குள்ளேயே நடங்கள். காற்று மாசும் அந்த 14-இல் ஒன்று. முட்டி வலிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையாவது செய்யுங்கள்.

தூக்கமும் மஞ்சள் மாத்திரையும்

தூங்கும்போது மூளை தன் கழிவைக் கழுவுகிறது என்று எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் வருகிறது. 2013இல் எலிகளிடம் அப்படிப் பார்த்தார்கள். 2024இல் வேறொரு குழு, அதுவும் எலியில்தான், நேர்மாறாகச் சொன்னது. எது ஜெயிக்கிறதோ, தூக்கம் கெட்டவனுக்கு ஞாபகம் கெடும் என்பதில் மாற்றமில்லை. குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவரை மனைவி சும்மா விடாமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

ஆனால் எனக்கு அதிகம் கவலை தருவது சளிக்குக் கொடுக்கும் சின்ன மஞ்சள் மாத்திரை, குளோர்பெனிரமைன். தூக்கம் வருகிறதென்று தினமும் இரவில் போட்டுக்கொள்ளும் பாட்டிகள் இந்த ஊரில் ஏராளம். அது மூளையில் அசிட்டைல்கோலினைத் தடுக்கிறது, ஞாபகத்துக்கே வேண்டிய ரசாயனம் அது. வயதானவர்களுக்குக் குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, விழுந்து இடுப்பெலும்பு உடைவது, எல்லாம் இதிலிருந்து வரலாம். வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் கிளினிக் மருந்தகத்தில் கொட்டிக் காட்டுங்கள். மூளைக்கு மருந்து சேர்ப்பதைவிட மருந்து குறைப்பதில் தெளிவு திரும்பியவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சரி, அந்தப் பவுடர்

இவ்வளவும் செய்துவிட்டு வந்தால் பேசலாம். ஜின்கோ: 3,069 முதியவர்களுக்கு வருஷக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள், 2008இல் முடிவு வந்தது, மறதி நோயைத் தடுக்கவில்லை. டெலோமியரை (குரோமோசோமின் நுனிமூடி) நீட்டுகிறேன் என்று விற்பது: டெலோமியர் தேய்வது செல் பிரியும்போது, நரம்பு செல் பிரிவதே இல்லை. என்எம்என் (இளமைக்கென்று விற்கும் ஒரு சத்துப்பொருள்): ரத்தப் பரிசோதனையில் ஒரு எண்ணை உயர்த்துகிறது, மனிதருக்கு ஆயுளோ நினைவோ கூடியதாக நிரூபணம் இல்லை. ஸ்டெம் செல் ஊசி: நிலத்தை அடகு வைத்துப் போகாதீர்கள்.

வல்லாரையைச் சொன்னால் அடிக்க வருவார்கள். மலாய்க்காரர் பெகாகா என்று உலாமில் (பச்சைக் கீரைத் தட்டு) தின்பதும் அதே கீரைதான். அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் 2017இல் சேர்த்துப் பார்த்ததில் நினைவுத்திறனில் நிச்சயமான முன்னேற்றம் தெரியவில்லை. கீரையாகத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், நல்லது. செறிவூட்டிய மாத்திரையாக வேண்டாம், கல்லீரல் பாதித்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. மஞ்சளும் அப்படியே: கறியில் போடுவது போதும், மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரை வேறு விஷயம்.

எதை வாங்கினாலும் பெட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் அரசாங்கப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணின் கடைசியில் டி (T) என்ற எழுத்து இருந்தால் பாரம்பரிய மருந்து. அதற்குப் பதிவு என்பது தரமும் பாதுகாப்பும் பார்த்தது, நோய் குணமாகும் என்ற சான்று இல்லை. எண்ணே இல்லாத மூட்டுவலி உருண்டைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு சர்க்கரையையும் கொதிப்பையும் ஏற்றிவிடும், நாம் மேலே செய்த வேலையெல்லாம் வீண்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் இல்லை. வாரம் இரண்டு நாள் கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி), வறுக்காமல் குழம்பாக. தினமும் ஏதாவது கீரை, பருப்பு. தே தாரிக்கில் கட்டிப்பாலை விட்டுவிட்டு "தே ஓ கோசோங்" (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று சொல்லப் பழகுங்கள், கொஞ்ச நாளில் நாக்கு ஒத்துக்கொள்ளும்.

சம்சு (மலிவுச் சாராயம்) பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்றியும் மெத்தனால் கலந்த மதுவால் பலர் இறந்தார்கள், பிழைத்த சிலருக்குப் பார்வை போனது. நல்ல மதுவாக இருந்தாலும் சாப்பிடாமல் குடிப்பவர்களுக்கு வைட்டமின் பி1 குறைந்து நினைவு நிரந்தரமாகப் போகலாம். அப்புறம் தலைக்கவசம். பக்கத்துக் கடைக்குத்தானே என்று மோட்டாரில் வெறுந்தலையோடு போகும் தாத்தாக்கள் மூளை செல்லைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

வயதை அளக்க ஒரு நாற்காலி

உடம்பின் உண்மையான வயது என்று எச்சில் பரிசோதனை விற்கிறார்கள். நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் கொதிப்பு, எடை, எச்பிஏ1சி, பிறகு நாற்காலிக் கணக்கு. சுவரோரம் கைப்பிடி இல்லாத நாற்காலி, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது. 65 முதல் 69 வயது ஆணுக்கு 12க்குக் கீழே, பெண்ணுக்கு 11க்குக் கீழே என்றால் சராசரிக்குக் குறைவு, விழும் ஆபத்து உண்டு. பேரப்பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய்யுங்கள். எண்ணிச் சொல்ல அவர்களுக்கும் பிடிக்கும்.

குறுக்கெழுத்து போடலாம், தப்பில்லை. அதைவிட நாலு பேரோடு வாதம் செய்வது மேல். லயத்தில் இருந்தபோது வாசலில் உட்கார்ந்தாலே பேச்சு கிடைத்தது. தாமான் வீட்டில் கேட்டைப் பூட்டிவிட்டால் நாள் முழுதும் டிவிதான். கோயில் அன்னதானத்தில் காய் நறுக்கப் போங்கள், முதியோர் நடவடிக்கை மையம் பக்கத்தில் இருந்தால் பேர் கொடுங்கள்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது

சாவியை எங்கே வைத்தோம் என்பது மறதி. சாவி எதற்கென்றே தெரியாமல் நிற்பது, தினம் போகும் வழி தவறுவது, நாற்பது வருஷம் வைத்த குழம்பு கைக்கு வராமல் போவது, இவற்றுக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். தைராய்டு, பி12, மனச்சோர்வு, விழுந்தபின் தலைக்குள் ரத்தம் கட்டியது, இவையெல்லாம் திருப்பக்கூடியவை. நேற்றுவரை சரியாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பினால் அது மறதி நோய் அல்ல, பெரும்பாலும் கிருமித் தொற்று அல்லது சர்க்கரை. அன்றே போங்கள்.

வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் உடனே 999. மூளை ரத்தக்குழாய் அடைத்த ஒவ்வொரு நிமிஷத்துக்கும் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். விரல் நுனியைக் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் வாட்ஸ்அப் தகவலை நம்பாதீர்கள். ஸ்கேன் பார்க்காமல் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், அடைப்பா கசிவா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. வாயில் தண்ணீரும் ஊற்றாதீர்கள், புரையேறும். அவர் கடைசியாக நல்லபடியாக இருந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதுங்கள், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். மருந்துப் பையையும் கையோடு ஆம்புலன்சில் ஏற்றிவிடுங்கள்.